பத்துப் பேர், 50,000 டாலர்: தினசரி ஃபேன்டஸி பேஸ்பால் கேள்வி-பதில்

தினசரி ஃபேன்டஸி என்பது, அன்றைய நிஜ ஆட்டங்களில் ஆடுபவர்களைக் கொண்டு ஒரு கற்பனை அணி அமைத்து, களத்தில் அவர்கள் செய்வதற்குப் புள்ளி பெறும் பணப் போட்டி. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதை நடத்தும் அமெரிக்க நிறுவனமான டிராஃப்ட்கிங்ஸ் பற்றியவை. அதனால் அதன் வழக்கமான போட்டி முறையை வைத்தே பதில் சொல்கிறேன். அதில் பந்து வீசும் பிட்சர்கள் இருவரையும் மட்டை பிடிக்கும் பேட்டர்கள் எட்டுப் பேரையும் எடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் நிறுவனம் ஒரு கற்பனை விலை வைக்கும், அதுதான் சம்பளம். மொத்தச் சம்பளம் 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. இதேபோன்ற இன்னொரு நிறுவனமான ஃபேன்டூயலில் ஒரு பிட்சர் போதும், வரம்பு 35,000 டாலர். புள்ளிக் கணக்கும் வேறு. ஆனாலும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கேள்வி: ஓட்டானி போன்ற பெரிய பேட்டருக்குச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுக்கலாமா? அல்லது அந்தப் பணத்தைப் பிரித்து நடுத்தர ஆட்டக்காரர்களை எடுப்பது நல்லதா?

கொடுக்கலாம். ஆனால் பெயருக்காகக் கொடுக்காதீர்கள். அன்றிரவு அவருக்கு எத்தனை முறை மட்டை பிடிக்கும் வாய்ப்பு வரும் என்று பார்த்துக் கொடுங்கள். 2024 செப்டம்பர் 19 அன்று மயாமியில், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் நட்சத்திரம் ஓட்டானி ஆடிய ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறு முறை மட்டை பிடித்து ஆறிலும் ஹிட், அதாவது அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை (ஓட்டப் பாதையின் நிறுத்தங்களில் ஒன்றை) அடைந்தார்: மூன்று ஹோம் ரன் (பந்து வேலியைத் தாண்டும் அடி), இரண்டு டபுள் (இரண்டாம் பேஸ் வரை), ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை). இரண்டு பேஸ்களைத் திருடினார் (யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), பத்து ரன்களை அடித்து உள்ளே கொண்டுவந்தார், நான்கு முறை தானே ஓடிவந்து ரன் எடுத்தார். டிராஃப்ட்கிங்ஸ் கணக்கில் இது 81 புள்ளி.

அதில் கவனிக்க வேண்டியது மூன்றாவது ஹோம் ரன். அது ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்தது. டாட்ஜர்ஸ் அணி அப்போதே வெகுதூரம் முன்னால் இருந்தது. அதே ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்திருந்தால், முன்னிலையில் உள்ள உள்ளூர் அணி ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டை பிடிக்கவே இறங்காது. அந்த மூன்று ரன் ஹோம் ரனுக்குரிய 18 புள்ளியும் கிடைத்திருக்காது. வெளியூர் அணி பேட்டர்களுக்கு ஒன்பது இன்னிங்ஸும் உறுதி. தேர்வு செய்யும்போது பலரும் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அடுத்தது, பேட்டிங் வரிசை. வரிசையில் ஓரிடம் கீழே போனால் ஒரு பருவத்தின் 162 ஆட்டங்களில் ஏறத்தாழ 18 வாய்ப்புகள் குறையும். ஓர் ஆட்டம் வரிசையின் எந்த இடத்திலும் முடியலாம் என்பதால் ஒவ்வோர் இடமும் ஆட்டத்துக்கு ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்பைப் பறிக்கிறது. இரண்டாவதாக இறங்கும் நடுத்தர ஆட்டக்காரர் 3,500 டாலருக்குக் கிடைத்தால், எட்டாவதாக இறங்கும் பிரபலத்துக்கு 4,500 டாலர் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். அணிகள் வரிசையை ஆட்டம் தொடங்கச் சில மணி நேரத்துக்கு முன்புதான் அறிவிக்கும். அதைப் பார்க்காமல் உங்கள் பட்டியலை இறுதி செய்யாதீர்கள்.

கேள்வி: ரன் அதிகம் கொடுக்காத பிட்சரை எடுக்கிறேன், ஆனால் புள்ளி வருவதில்லை. ஏன்?

புள்ளி ஸ்ட்ரைக் அவுட்டில், அதாவது மூன்று ஸ்ட்ரைக் ஆகி பேட்டர் அவுட்டாவதில் இருக்கிறது. மூன்று அவுட் கொண்ட ஓர் இன்னிங்ஸுக்கு 2.25 புள்ளி என்றால் ஓர் அவுட்டுக்கு 0.75. தரையில் உருட்டி அடித்து அவுட்டானால் அவ்வளவுதான். ஸ்ட்ரைக் அவுட் என்றால் கூடுதலாக 2, ஆக 2.75.

இருவரை ஒப்பிடுவோம். இருவரும் வெற்றி பெறுகிறார்கள். இருவரும் ஐந்து ஹிட், இரண்டு வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது), இரண்டு ரன் கொடுக்கிறார்கள். இவற்றுக்கான கூட்டலும் கழித்தலும் இருவருக்கும் ஒன்றே. முதலாமவர் ஏழு இன்னிங்ஸ் வீசி நான்கு ஸ்ட்ரைக் அவுட் எடுத்தால் 19.55. மற்றவர் ஆறே இன்னிங்ஸ் வீசி ஒன்பது ஸ்ட்ரைக் அவுட் எடுத்தால் 27.3. சிக்கனமாக வீசுபவர் தன் அணிக்கு அருமையான பிட்சராக இருக்கலாம். உங்கள் பட்டியலுக்கு வேகமும் வளைவும் கொண்டு பேட்டரைக் காற்றில் சுழற்ற வைப்பவர் வேண்டும். எதிரணி அடிக்கடி ஸ்ட்ரைக் அவுட் ஆகும் அணியா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரே அணியிலிருந்து நான்கைந்து பேரை எடுக்கச் சொல்கிறார்களே, அது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். பெரிய பரிசுப் போட்டிகளில் அந்த ஆபத்தை விரும்பியே ஏற்க வேண்டும். பேஸ்பாலில் ஒருவர் அடிக்கும் அடிக்குப் பலருக்குப் புள்ளி போகிறது. முன்னவர் சிங்கிள் அடித்து நிற்கிறார், அடுத்தவர் டபுள் அடித்து அவரை உள்ளே கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டபுளுக்கு 5, கொண்டுவந்த ரன்னுக்கு 2, ஓடிவந்தவரின் சிங்கிளுக்கு 3, அவர் எடுத்த ரன்னுக்கு 2. இருவரும் உங்களிடம் இருந்தால் 12 புள்ளியும் உங்களுக்கு. ஒருவர் மட்டும் இருந்தால் ஏறத்தாழ பாதிதான்.

எடுக்கும்போது வரிசையில் அடுத்தடுத்து இறங்குபவர்களாக எடுங்கள். முதலாமவரையும் ஆறாமவரையும் எட்டாமவரையும் பொறுக்கினால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். டிராஃப்ட்கிங்ஸில் ஒரே அணியிலிருந்து ஐந்து பேட்டர்கள் வரை அனுமதி, ஃபேன்டூயலில் நான்கு. இன்னொன்று: உங்கள் பிட்சருக்கு எதிரே ஆடும் பேட்டர்களை எடுக்காதீர்கள். அவர்கள் அடிக்கும் ஒவ்வொரு ஹிட்டும் ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிக்கும்.

கேள்வி: டென்வர் ஆட்டம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கிருந்து எடுக்கலாமா?

டென்வரின் கூர்ஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு என்பதால் அடித்த பந்து தூரம் போகும். வீசிய பந்து வளைய வேண்டிய அளவு வளையாது. 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைக்கிறார்கள், அது ஓரளவு அடக்கியது. ஆனால் ஹோம் ரன்களைக் கட்டுப்படுத்துவதற்காக வெளிமைதானத்தைப் பரந்ததாகக் கட்டியிருப்பதால் சிங்கிளும் டபுளும் டிரிபிளும் அங்கே விழுந்துகொண்டே இருக்கின்றன.

ஆகவே அங்கே ஆடும் பேட்டர்கள் நல்ல தேர்வுதான். ஆனால் இது எல்லோருக்கும் தெரியும், சம்பளத்தை நிர்ணயிப்பவர்களுக்கும் தெரியும். கட்டிய பணம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் சிறிய போட்டி என்றால் கூட்டத்தோடு போங்கள். ஆயிரக்கணக்கானோர் மோதும் போட்டியில் முதலிடம் வேண்டுமென்றால், நியூயார்க் யாங்கி மைதானத்தில் 314 அடியிலேயே வேலி வந்துவிடும் வலது மூலையைக் குறிவைக்கும் இடதுகை பேட்டர்களைப் போல, வேறு இடத்தில் நல்ல காரணத்தோடு ஒரு கூட்டணியைத் தேடுங்கள்.

கேள்வி: ஒரு பேட்டர் ஒரு பிட்சரை இதுவரை 10 முறை சந்தித்து 5 ஹிட் அடித்திருக்கிறார். நம்பலாமா?

வேண்டாம். பத்து என்பது எதையும் நிரூபிக்காத எண்ணிக்கை. அதற்குப் பதில் யார் எந்தக் கை என்று பாருங்கள். வலதுகை பிட்சரின் வளையும் பந்து வலதுகை பேட்டரை விட்டு விலகிப் போகும். இடதுகை பேட்டரை நோக்கி உள்ளே வரும். அதனால் எதிர்க்கை பேட்டருக்கே அடிப்பது எளிது. இது ஆயிரக்கணக்கான சந்திப்புகளில் நிலைத்த உண்மை.

கேள்வி: பேஸ் திருடுபவர்களுக்கு இப்போது மதிப்பு கூடிவிட்டதா?

நிச்சயமாக. 2023-இல் பேஸின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். பிட்சர் ஓட்டக்காரரைக் கட்டுப்படுத்தப் பந்துமேட்டிலிருந்து காலை எடுப்பதற்கும் வரம்பு வைத்தார்கள். 2022-இல் 2,486 ஆக இருந்த மொத்தத் திருட்டு அடுத்த ஆண்டே 3,503 ஆனது. ஒரு திருட்டுக்கு 5 புள்ளி, அதாவது ஒரு டபுளுக்குச் சமம். பவர் இல்லாத, சம்பளம் குறைந்த வேகக்காரர்களை முன்பு ஒதுக்கியவர்கள் இப்போது மறுபடி பார்க்க வேண்டும். மெதுவாக வீசத் தொடங்கும் பிட்சரும் எறியும் கை தளர்ந்த கேட்சரும் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) எதிரே இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: மழை அபாயம் இருந்தால் என்ன செய்வது?

ஆட்டம் தள்ளிப்போனால் சுழியம்தான். ஆனால் பேட்டரையும் பிட்சரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். இடையில் ஒரு மணி நேரம் மழை பெய்து நின்றால் பேட்டர் திரும்ப வந்து ஆடுவார். தொடக்கப் பிட்சரின் தோள் குளிர்ந்துவிடும், மேலாளர் பெரும்பாலும் அவரை மீண்டும் இறக்கமாட்டார். எனவே மேகம் திரண்ட ஊரில் பேட்டரை வைத்துக்கொள்ளத் துணியலாம், பிட்சரை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பாதிக்கு மேல் ஜெயிக்கிறேன், ஆனாலும் கணக்கில் பணம் குறைகிறதே?

நிறுவனம் எடுக்கும் பங்குதான் காரணம். பத்து டாலர் கட்டி ஜெயித்தால் பதினெட்டு கிடைக்கும் போட்டியில், கைப்பணம் குறையாமல் இருக்கவே நூற்றுக்கு ஏறத்தாழ 56 முறை ஜெயிக்க வேண்டும். 52 முறை ஜெயிப்பவரும் நஷ்டத்தில்தான் இருக்கிறார். மிகச் சிறந்த பேட்டரே பத்தில் ஏழு முறை ஹிட் இல்லாமல் திரும்பும் விளையாட்டு இது. நல்ல தேர்வும் ஒரு வாரம் முழுக்கத் தோற்கும். போனால் வருத்தமில்லாத தொகையைப் பருவத் தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள், அதில் மிகச் சிறு பகுதியை மட்டும் ஒரு நாளில் இறக்குங்கள். வாடகைப் பணத்தைத் தொடும் எண்ணம் வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். இதை வாசகர் ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து பணம் கட்டி ஆட முடியுமா?

முடியாது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. ஃபேன்டஸி விளையாட்டுகளும் அதில் அடங்கும். அமெரிக்காவிலும் வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் அனுமதி இல்லை. பேஸ்பால் பிடித்திருந்தால் முந்தைய நாள் ஸ்கோர்கார்டை எடுத்து, மேலே சொன்ன புள்ளிக் கணக்கில் ஒரு பட்டியலைக் காகிதத்திலேயே போட்டுப் பாருங்கள்.