நாக்குக்கு அடியில் பிரஷர் மாத்திரை வைக்கலாமா? – மாறிவரும் சிகிச்சைகள் குறித்த கேள்வி-பதில்

முன்பு ஒருவிதமாகச் செய்தார்கள், இப்போது வேறுவிதமாகச் செய்கிறார்களே, எது சரி என்பதுதான் இம்முறை வந்த பெரும்பாலான கடிதங்களின் சாரம். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. பலருக்கும் பயன்படக்கூடிய ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மாமனாருக்கு ஸ்க்ரப் டைபஸ் (சிற்றுண்ணி கடித்துப் பரவும்) காய்ச்சல் என்று சொல்லி, டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என இரண்டு மருந்துகளையும் நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே காய்ச்சல் எனக்கு வந்தபோது மாத்திரை மட்டும்தான் கொடுத்தார்கள். இது தேவைக்கு மீறிய சிகிச்சையா? (வேலூர் வாசகர்)

பதில்: இல்லை. உங்களுக்கு வந்தது மாத்திரைக்கு அடங்கக்கூடிய அளவில் இருந்திருக்கும். அவருக்கு நுரையீரல், சிறுநீரகம், மூளை போன்ற உறுப்புகளில் ஏதேனும் ஒன்று பாதிக்கப்பட்டிருப்பதால் கடுமையான நோய் என்று கணக்கிட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்பதற்கான சான்று உங்கள் ஊரிலிருந்தே வந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு டாக்ஸிசைக்ளின் மட்டும், இன்னொரு பிரிவினருக்கு அசித்ரோமைசின் மட்டும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் என ஏழு நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 28 நாட்களுக்குள் இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத உறுப்புப் பாதிப்பு, ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், தனி மருந்து பெற்ற பிரிவுகளில் 47, 48 சதவீதமாக இருக்க, இரண்டும் பெற்ற பிரிவில் 33 சதவீதமாகக் குறைந்தார்கள். இறப்பை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் மூன்று பிரிவுகளுக்கிடையே தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். லேசான நோய்க்கு இன்றும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையே போதுமானது.

மருந்தைவிட எனக்குக் கவலை தருவது, நோயைக் கண்டுபிடிப்பதில் ஏற்படும் தாமதம். இந்தக் கிருமி உயிரணுக்களுக்குள் புகுந்து வாழ்வது. காய்ச்சல் என்றதும் மருத்துவமனைகளில் வழக்கமாக ஆரம்பிக்கும் செஃப்ட்ரையாக்சோன் ஊசிக்கு அது மசியாது. ரத்தத்தில் செய்யப்படும் எதிர்ப்பொருள் பரிசோதனையும் முதல் வாரத்தில் நெகட்டிவ் என்று வந்துவிடலாம். ஆனால் சிற்றுண்ணி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று பலருக்கு இருக்கும். அது வலிக்காது, அரிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ்மடிப்பு, இடுப்பில் பாவாடை நாடாவோ அரைஞாணோ பதியும் இடம், காதின் பின்புறம் ஆகியவற்றைத் துணி விலக்கித் தேடினால்தான் அகப்படும். காய்ச்சல் ஐந்து நாட்களைத் தாண்டினால், வீட்டிலேயே ஒருவர் இந்த இடங்களைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்வதில் தவறே இல்லை. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இதற்கு நேரம் ஒதுக்குவோர் குறைவு.

கேள்வி: தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டவரை முதுகில் அடிக்கக் கூடாது, வயிற்றை அழுத்த வேண்டும் என்று முதலுதவிப் பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது முதுகில் அடிக்கச் சொல்கிறார்களாமே? (சென்னை வாசகர்)

பதில்: ஆம். அமெரிக்க இதய சங்கம் 2025 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறை, பெரியவர்களுக்கும் ஒரு வயதைக் கடந்த குழந்தைகளுக்கும் முதலில் முதுகில் ஐந்து அடி, பின்பு வயிற்றில் ஐந்து அழுத்தம் என, அடைத்த பொருள் வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யச் சொல்கிறது. ஐரோப்பிய நெறிமுறையில் இது முன்பிருந்தே உண்டு. அடி என்றால் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே பலமாக அடிப்பது. புரையேறியதும் உச்சந்தலையில் தட்டி ‘யாரோ நினைக்கிறார்கள்’ என்பது இதில் சேராது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. முதுகில் ஐந்து அடிக்குப் பின், ஒரு கையின் அடிப்பாகத்தால் நெஞ்சின் நடுவே ஐந்து அழுத்தம். இருமவும் பேசவும் முடிகிறவரை எதுவும் செய்யாமல் இருமவிடுங்கள். நினைவிழந்தால் உடனே 108ஐ அழைத்துவிட்டு நெஞ்சழுத்தத்தை ஆரம்பிக்க வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. எப்போதாவது வீசிங் வரும்போது மட்டும் நீல நிற பம்பு பயன்படுத்திவந்தாள். புதிய மருத்துவர் அதை நிறுத்திவிட்டு, ஸ்டீராய்டு கலந்த பம்பைக் கொடுத்திருக்கிறார். லேசான ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எதற்கு? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: உங்கள் அச்சம் புரிகிறது, ஆனால் மருத்துவர் செய்தது சரி. நீல பம்பில் இருக்கும் சால்பூட்டமால், இறுகிய மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர, அந்த இறுக்கத்துக்குக் காரணமான உள்வீக்கத்தை ஒன்றும் செய்யாது. மூச்சு லேசாகிவிட்டதால் நோய் அடங்கிவிட்டது என்று நோயாளி நம்ப, உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே போகும். ‘லேசான ஆஸ்துமா’ என்று பெயர் வாங்கியவர்களிலும் திடீரெனக் கடும் இரைப்பு வந்து உயிரிழப்போர் உண்டு. ஆகவே, 12 வயதுக்கு மேற்பட்டோர் சால்பூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று சர்வதேச ஆஸ்துமா அமைப்பான ஜினா 2019இல் அறிவித்தது. அதன் பின்வந்த பதிப்புகளும் அதையே உறுதிசெய்கின்றன. பியூடசோனைடும் ஃபார்மோட்டராலும் கலந்த பம்பில், ஃபார்மோட்டரால் சில நிமிடங்களிலேயே மூச்சை விடுவிக்கும். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் சிறிதளவு ஸ்டீராய்டும் உள்ளே போய் வீக்கத்தைக் குறைக்கும்.

அந்தச் சிறிதளவு எவ்வளவு? ஒரு முறை இழுத்தால் பெரும்பாலும் 200 மைக்ரோகிராம். கடும் இரைப்பு வந்து ப்ரெட்னிசோலோன் மாத்திரை கொடுத்தால் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். மருந்துகள் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே நிறுத்துப் பார்க்க முடியாது என்றாலும், பம்பைக் கண்டு பயந்து மாத்திரைக்கும் ஊசிக்கும் போகிறவர்களே உண்மையில் அதிக ஸ்டீராய்டை உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். ஓர் எச்சரிக்கை: கலவைப் பம்பு எல்லாம் ஒன்றல்ல. சால்மெட்டரால் கலந்தது மெதுவாக வேலை செய்வது. அதை அவசரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பெட்டியில் ஃபார்மோட்டரால் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாளில் எத்தனை முறை வரை இழுக்கலாம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எல்லையை நெருங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: பல் பிடுங்கப் போன இடத்தில் என் அம்மாவுக்கு (71 வயது) ரத்த அழுத்தம் 190/104 இருந்தது. உடனே நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைக்கச் சொன்னார்கள். நாங்கள் மறுத்துவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அங்கோ ஊசிகூடப் போடாமல், அரைமணி நேரம் உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள். யார் செய்தது சரி? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நீங்கள் மறுத்ததும் சரி, அவசரப் பிரிவு பொறுமையாக இருந்ததும் சரி. நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்தை நாக்குக்கு அடியில் வைத்தால் அழுத்தம் சடாரென்று சரியும். எவ்வளவு சரியும் என்பது யார் கையிலும் இல்லை. பல ஆண்டுகள் உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கும் இதயத்துக்கும் அப்போது ரத்தம் போதாமல் பக்கவாதமோ மாரடைப்போ நேர்ந்த சம்பவங்கள் 1990களிலேயே மருத்துவ இதழ்களில் எச்சரிக்கையோடு வெளியாகிவிட்டன. இன்றும் இந்தப் பழக்கம் ஒழியாதது வருத்தத்துக்குரியது. 180/120க்கு மேல் இருந்தாலும் உறுப்புப் பாதிப்பின் அறிகுறி இல்லையென்றால் அதை அவசர நிலையாகக் கருத வேண்டியதில்லை என்பதே அமெரிக்க நிபுணர் குழுக்களின் அண்மைய நிலைப்பாடு. விட்டுப்போன மாத்திரையைத் திரும்பத் தொடங்குவது, அளவைத் திருத்துவது, சில நாட்களுக்குள் மீண்டும் பார்ப்பது ஆகியவையே சிகிச்சை.

எண் எதுவாக இருந்தாலும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கத் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பத்துடன் கூடிய கடும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது அவசரமே. கர்ப்பிணிக்கு 160/110 என்பதே அவசரம். மற்றவர்கள் பதறுவதற்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து மறுபடி அளந்து பாருங்கள். பல் பிடுங்கும் நாற்காலியில் படுத்திருக்கும்போது யாருக்கும் அழுத்தம் ஏறத்தான் செய்யும்.

கேள்வி: பிரஷர் மாத்திரையை இரவில் போட்டால்தான் மாரடைப்பைத் தடுக்குமாமே? (மதுரை வாசகர்)

பதில்: பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ‘டைம்’ ஆய்வில், காலையில் போட்டவர்களுக்கும் மாலையில் போட்டவர்களுக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. மறக்காமல் போட முடிகிற நேரமே சரியான நேரம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை மட்டும் காலையில் வைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது.

கேள்வி: எனக்கு 64 வயது, சுகர் உண்டு, இதய நோய் இல்லை. பத்து ஆண்டுகளாகப் போட்டுவரும் ஆஸ்பிரின் 75ஐ நிறுத்தச் சொல்கிறார் மருத்துவர். ரத்தம் கெட்டியாகிவிடாதா? (சேலம் வாசகர்)

பதில்: ஆகாது. உங்களைப் போன்றோரிடமே நடந்த ‘அசெண்ட்’ ஆய்வு 2018இல் வெளியானது. சர்க்கரை நோய் இருந்தும் இதய நோய் வராத 15,480 பேரைச் சராசரியாக ஏழாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்ததில், ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவோ 3.2 சதவீதத்திலிருந்து 4.1 சதவீதமாகக் கூடியது. ஆயிரம் பேரில் பதினொரு பேருக்கு நன்மை, ஒன்பது பேருக்குத் தீங்கு. அதனால்தான் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, 60 வயதைக் கடந்தவர்கள் தடுப்புக்காக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று 2022இல் சொன்னது. ஏற்கெனவே போட்டுவருகிறவர்கள் நிறுத்துவதை மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். உங்கள் மருத்துவர் அதைத்தான் செய்திருக்கிறார்.

ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், மாரடைப்போ ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதமோ வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் கணக்கே வேறு. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று: கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டினுடன் ஆஸ்பிரினையும் ஒரே கேப்ஸ்யூலில் அடைத்து விற்கிறார்கள். தனி மாத்திரையை நிறுத்திய பிறகும் அதன் வழியாக ஆஸ்பிரின் உள்ளே போய்க்கொண்டிருக்கிறதா என்று அட்டையின் பின்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கவாதத்துக்கு இப்போது ஒரே ஊசிதான் போடுகிறார்கள், முன்புபோல் ஒரு மணி நேரம் மருந்து ஏற்றுவதில்லை என்கிறார்களே, அது அரைகுறைச் சிகிச்சை அல்லவா? (திருச்சி வாசகர்)

பதில்: அல்ல. முன்பு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்தில் பத்தில் ஒரு பங்கை ஊசியாகப் போட்டுவிட்டு, மீதியை ஒரு மணி நேரம் ஏற்றுவார்கள். இப்போது போடப்படும் டெனெக்டிப்ளேஸ் உடலில் நெடுநேரம் தங்குவதால் ஒரே ஊசி போதும். பலன் ஆல்டிப்ளேஸுக்குக் குறைவில்லை என்று கனடாவில் நடந்த ‘ஆக்ட்’ ஆய்வு 2022இல் காட்டியது. 2025 மார்ச்சில் அமெரிக்க மருந்துத் துறையும் பக்கவாதத்துக்கு இதை அனுமதித்தது. மூளை ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியை எடுக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தால், மருந்து ஏறி முடியும்வரை காத்திராமல் ஊசி போட்டவுடன் ஆம்புலன்ஸில் ஏற்றிவிடலாம் என்பது இதன் பெரிய அனுகூலம்.

பொதுவாக இந்த ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம். அதைக் கணக்கிடுவது நீங்கள் நோயாளியைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான். அந்த நேரத்தை உறுதியாகச் சொல்லக்கூடியவர் எவரோ அவரே உடன் வர வேண்டும். நோயாளி வாய்வழியாக என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும், குறிப்பாக வார்ஃபரின், ரிவரொக்ஸாபான், அபிக்ஸாபான் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து இருக்கிறதா என்பதும் தெரியாமல் ஊசி போட முடியாது. மாத்திரைப் பையையும் கையோடு எடுத்து வாருங்கள்.