ஹார்மோன் சிகிச்சை மட்டும் திருநங்கையரின் குரலை மாற்றிவிடுமா?

மாற்றாது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் தடிக்கச் செய்த குரல் நாண்களை, சிகிச்சையில் எடுத்துக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் மீண்டும் மெலிதாக்குவதில்லை. திருநம்பியர் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும்போதோ, நாண்கள் தடித்து, பெரும்பாலும் சில மாதங்களிலேயே குரல் தாழத் தொடங்குகிறது.

ஆகவே திருநங்கையருக்குக் குரல் பயிற்சியே முதன்மையான வழி. எந்தக் குரல் வேண்டும் என்பதை, இருக்கும் குரலையே வைத்துக்கொள்வது உட்பட, அவரே முடிவுசெய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சுருதியை உயர்த்தினால் போதும் என்று பலர் எண்ணினாலும், தொண்டையிலும் வாயிலும் ஒலி அதிரும் விதம், பேச்சின் ஏற்ற இறக்கம் ஆகியவையும் கேட்பவர் ஒரு குரலை ஆணுடையதாகவோ பெண்ணுடையதாகவோ உணர்வதைப் பெரிதும் பாதிக்கின்றன. தொண்டை வலித்தாலோ குரல் கம்மினாலோ பயிற்சியை நிறுத்தி, பேச்சு மொழி சிகிச்சையாளரை அணுகுங்கள். அறுவை சிகிச்சையும் உண்டு. குரல் நாணின் அதிரும் நீளத்தைக் குறைத்துச் சுருதியை உயர்த்தும் அது, பேசும் பாங்கை மாற்றாது என்பதால் அதன் பின்னரும் பயிற்சி தேவைப்படலாம்.