பதில்: ஒரே புதன்கிழமையில் சிட்னியின் மூன்று கலைக்கூடங்கள், கூடவே எட்டு வயது மகள்

தற்காலக் கலை அருங்காட்சியகம், ஒயிட் ராபிட், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் மூன்றையும் எட்டு வயது மகளோடு ஒரே புதன்கிழமையில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். மூன்றையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். மூன்றாவது இடத்துக்குப் போவதற்குள் மகள் சோர்ந்துவிடுவாள். உங்களுக்கும் எதுவும் மனத்தில் நிற்காது. சர்குலர் கீ படகுத்துறை அருகிலுள்ள தற்காலக் கலை அருங்காட்சியகத்தை விட்டுவிடலாம். 2025 முதல் அங்கே பெரியவர்களுக்கு மீண்டும் நுழைவுக் கட்டணம் உண்டு. மற்ற இரண்டிலும் பொது நுழைவு இலவசம்.

காலையில் சிப்பண்டேல் பகுதியில் உள்ள ஒயிட் ராபிட் கலைக்கூடம். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 2000-க்குப் பிந்தைய சீனக் கலைதான் அதன் சேகரிப்பு. பெரிய, விசித்திரமான நிறுவல்கள் (இடத்தை நிரப்பி அமைக்கும் கலைப்படைப்புகள்) அதிகம் இருப்பதால் குழந்தைகளுக்குப் பிடித்துவிடும். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது அமைக்கும்வரை கூடத்தை மூடிவிடுவார்கள். தேதியை அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மதியம் ஓய்வு. பிறகு நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம். புதன்கிழமைகளில் இரவு 10 மணி வரை திறந்திருக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். பழைய கட்டடத்தை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொண்டு, 2022 டிசம்பரில் திறந்த நாலா படு என்ற அதன் புதிய கட்டடத்துக்கு நேரே போங்கள். நுழைந்ததும் இருக்கும் யிரிபானா கூடத்தில் பழங்குடியினர், டோரஸ் நீரிணைத் தீவினர் படைப்புகள். நான் அதிக நேரம் கொடுப்பது அதற்குத்தான். அடித்தளத்தில் இருக்கும் 'டேங்க்' என்ற காட்சிக்கூடம், முன்பு இரண்டாம் உலகப் போர்க்காலக் கடற்படை எண்ணெய்த் தொட்டி. அங்கே அப்போது ஏதாவது காட்சி நடந்தால் மகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஆனால் இருட்டாகவும் எதிரொலியோடும் இருக்கும். பயந்த சுபாவமென்றால் முன்பே சொல்லி வையுங்கள்.