டிசால்வ் போட்டால் முகம் உறைகிறதே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்யாண வீடியோவில் இணைச்சீர்ச் சடங்கு முடிந்து முகூர்த்தத்துக்குப் போகும் இடத்தில் கிராஸ் டிசால்வ் (ஒரு காட்சி மங்க மங்க அடுத்தது தெரிவது) போட்டேனுங்க. எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோ ‘இன்சஃபிஷியன்ட் மீடியா’ (படம் போதவில்லை) என்கிறது. ஓகே கொடுத்தால் மாப்பிள்ளை முகம் உறைந்து நிற்குதுங்க. என்ன செய்யலாம்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: டிசால்வ் ஓடும்போது இரண்டு கிளிப்பும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) 1 நொடி டிசால்வ் என்றால், வெட்டுக்கு, அதாவது இரண்டு கிளிப்பும் சேரும் இடத்துக்கு, அப்பால் முதல் கிளிப்பில் 12, 13 ஃப்ரேம் மிச்சம் இருக்க வேண்டும். அடுத்த கிளிப்பின் தலைப்பக்கமும் அதே அளவு வேண்டும். நீங்கள் இணைச்சீர் கிளிப்பைக் கடைசி ஃப்ரேம் வரை பயன்படுத்திவிட்டீர்கள். எடுக்கப் படம் இல்லாததால் மென்பொருள் அந்தக் கடைசி ஃப்ரேமையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. டைம்லைனைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மிச்சமில்லாத கிளிப்பின் மேல் மூலையில் சின்ன முக்கோணம் தெரியும்.

முகூர்த்தக் கிளிப்பின் தொடக்கத்தில் மிச்சம் இருந்தால் வழி சுலபம். டிசால்வைக் கிளிக் செய்து, எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் அலைன்மென்ட்டை ‘எண்ட் அட் கட்’ என்று மாற்றுங்கள். டிசால்வ் வெட்டோடு முடிந்துவிடும்; முதல் கிளிப்பில் கூடுதல் படம் தேவைப்படாது. நிலைமை தலைகீழ் என்றால் ‘ஸ்டார்ட் அட் கட்’.

இரண்டிலுமே மிச்சம் இல்லையென்றால் குறைத்த இடத்தின் இடைவெளியைத் தானே மூடிவிடும் ரிப்பிள் எடிட் கருவியால் (பி விசை) இரு பக்கமும் 13 ஃப்ரேம் குறையுங்கள். அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே சுமார் 1 நொடி முன்னால் நகரும் என்பதை மறக்காதீர்கள். தாலி கட்டும் இடத்தைக் கெட்டிமேளத்தோடு ஏற்கெனவே பொருத்தி வைத்திருந்தால் அது பிசகிவிடும். அதனால் பாட்டைப் பொருத்துவதற்கு முன்பே டிசால்வ் வேலையை முடித்துவிடுங்கள். இன்னொரு எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் ‘ட்ரிம் கிளிப்ஸ்’ (கிளிப்பைக் குறை) கொடுத்தாலும் இதே கதைதான்.

கேமராக்காரரிடம் ஒன்று கட்டாயம் சொல்லுங்கள்: சடங்கு தொடங்க 3 நொடி முன்பே பதிவைப் போட வேண்டும், முடிந்தபின் 3 நொடி விட்டே நிறுத்த வேண்டும். எடிட்டிங் மேசையில் படும் பாட்டில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: தவில் ஒலியை வெட்டி ஒட்டும் இடத்தில் ‘டப்’ என்று கேட்கிறது. ஆடியோ டிசால்வ் போட்டால் அடி இரண்டிரண்டாக விழுகிறது.
– வாசகி, தாராபுரம்

பதில்: அலை உச்சத்தில் இருக்கும்போது வெட்டினால் ‘டப்’ வரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், டி அழுத்தினால் வரும் கான்ஸ்டன்ட் பவர் என்ற ஆடியோ டிசால்வ் பொதுவாக 1 நொடி நீளம். தவிலுக்கு அது மிக அதிகம். இரண்டு கிளிப்பின் அடிகளும் ஒன்றன்மேல் ஒன்று கேட்கும். அதை 2 ஃப்ரேமாகக் குறுக்குங்கள், அதாவது 80 மில்லி நொடி. வெட்டையும் அடி விழுவதற்குச் சற்று முன், அலை தணிந்திருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். நாதஸ்வரம் நீண்டு ஒலிக்கும் இடமானால் அரை நொடி வரை தாங்கும்.

கேள்வி: வள்ளி கும்மி ஆட்ட வீடியோவுக்கு எந்த ட்ரான்சிஷன் (காட்சி மாறும் விதம்) நன்றாக இருக்கும்? சொந்தக்காரர்கள் போனில் எடுத்ததும் சேர்ந்திருக்கிறது.
– வாசகர், காங்கேயம்

பதில்: ஆட்டத்துக்குள் எதுவும் வேண்டாம், வெறும் கட் போதும். கைகள் தட்டும் அந்த ஃப்ரேமிலேயே வெட்டுங்கள். தாளமே இரண்டு காட்சியையும் இணைத்துவிடும். டிசால்வ் போட்டால் ஒவ்வொருவருக்கும் நான்கு கை தெரியும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மட்டும் டிப் டு பிளாக் (திரை கறுத்து அடுத்த காட்சி தெரிவது) வையுங்கள்.

போன் கிளிப்புகளில் ஃப்ரேம் வேகம் நிலையாக இருக்காது. நேராக இழுத்துப் போட்டால் போகப்போக ஒலி விலகும், ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் (நிலையான ஃப்ரேம் வேகம்) தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டு, பிறகு டைம்லைனில் சேருங்கள்.