அந்த மனுவை நீங்கள் முழுதாகப் படித்தீர்களா?

கேள்வி: எங்கள் வீடு இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு முடுக்குக்குள் இருக்கிறது. சுவரை ஒட்டிய வீட்டு அக்கா சிஎஸ்ஐ சபையைச் சேர்ந்தவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பெண்கள் அவர் வீட்டில் கூடி ஜெபிப்பது நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே உண்டு. ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. போன வருஷத்திலிருந்து வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வருகிறார். கீபோர்டு, மைக், இரண்டு பெரிய பாக்ஸ் எல்லாம் வந்துவிட்டன. நாற்பது பேர் கூடுகிறார்கள், இரவு பத்தைத் தாண்டியும் போகிறது. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் என் மாமியாருக்குத் தூக்கமே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு மூச்சு வாங்கியபோது முடுக்கு முழுக்க பைக். ஆட்டோ உள்ளே வர முடியாமல், நாற்காலியில் உட்கார வைத்து மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போனோம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

இப்போது என் கணவரின் நண்பர்கள் கலெக்டருக்கும் போலீசுக்கும் ஒரு மனு தயாரித்திருக்கிறார்கள். ‘அனுமதியின்றி ஜெபவீடு நடத்தி மதமாற்றம் செய்கிறார்கள்’ என்று அதில் இருக்கிறது. ‘பக்கத்து வீடு நீங்கள்தான், உங்கள் கையெழுத்துதான் முக்கியம்’ என்கிறார்கள். ஒக்கி புயலில் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் அந்த அக்கா வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தோம். இப்போதும் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து வருகிறது. நான் கையெழுத்துப் போடவா, வேண்டாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள தங்கைக்கு, போட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கையெழுத்துக் கேட்டு வருகிறவர்கள் உங்களை யோசிக்க விடமாட்டார்கள்.

உங்கள் குறை நியாயமானது. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நோயாளியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டி வந்த வீட்டுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அந்தக் குறை அந்த மனுவில் இல்லையே! உங்கள் கடிதத்தில் இருப்பது பாக்ஸ் சத்தம், பத்து மணி, மாமியாரின் தூக்கம், ஆட்டோ, மகளின் படிப்பு. மதமாற்றம் என்ற பேச்சு, மனுவில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரே ஒரு வரியில்தான் வருகிறது. அதாவது நீங்கள் அனுபவித்ததை விட்டுவிட்டு, நீங்கள் பார்க்காததற்குச் சாட்சி கேட்கிறார்கள். நாளைக்கு ஸ்டேஷனில் கூப்பிட்டு, ‘யாரை மதம் மாற்றினார்கள், எப்போது பார்த்தீர்கள்?’ என்று இன்ஸ்பெக்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மனுவை எழுதிய நண்பர்களின் பெயர் அதில் எங்காவது இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே ஒரு தெளிவு வரும். ஒருவர் தன் மதத்தைக் கடைப்பிடிக்க அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், பொதுச் சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்ட உரிமை அது. சொந்த வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து ஜெபிக்கவோ பஜனை பாடவோ யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அதே வீட்டைப் பொது வழிபாட்டுக் கட்டடமாக மாற்றினாலோ, அதற்கென்று புதிதாகக் கட்டினாலோ கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். உங்கள் பக்கத்து வீட்டில் நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. வாரம் தவறாமல் வெளியாட்கள் நாற்பது பேர் வந்து போகும் வீடு இன்னும் வீடுதானா, ஜெபவீடா என்று கேட்டுப் பல வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிருக்கின்றன. அந்தந்த வீட்டின் நிலவரத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு வரும். அதற்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சத்தம் அப்படி இல்லை. அதில் சட்டம் மிகத் தெளிவு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரண்டு பேர் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசினாலே ஏறக்குறைய 60 வரும் என்றால், அந்த பாக்ஸ் என்ன கணக்கில் வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மண்டபம் போன்ற மூடிய அரங்குகளுக்கு உள்ளே விலக்கு உண்டு. தனியார் வீட்டுக்குள் வைக்கும் ஒலி அமைப்பு என்றாலும், அந்த வீட்டின் எல்லையில் அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. 2000 ஆகஸ்டில் சென்னையைச் சேர்ந்த ஒரு சபையின் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க வேண்டும் என்றோ, ஒலிபெருக்கி வைத்தும் மேளம் அடித்தும் ஜெபிக்க வேண்டும் என்றோ எந்த மதமும் சொல்லவில்லை என்று. கோவில் கொடைத் திருவிழாவுக்கும் பள்ளிவாசலுக்கும் உங்கள் பக்கத்து வீட்டுக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும்.

ஆக, உங்கள் கையில் இருப்பது வலுவான குறை. அதைக் கொண்டுபோய் பலமில்லாத ஒரு மனுவுக்குள் புதைக்கச் சொல்கிறார்கள்.

அந்த மனு கொடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். ஸ்டேஷனில் இரண்டு தரப்பையும் கூப்பிடுவார்கள். உங்கள் தரப்பில் உங்கள் கணவரோடு உங்களுக்கு முன்பின் தெரியாத பத்துப் பேர் வருவார்கள். அந்தத் தரப்பிலும் அப்படியே. தீராவிட்டால் பத்மநாபபுரம் சப்-கலெக்டரிடமோ தாசில்தாரிடமோ அமைதிப் பேச்சுவார்த்தை. ‘மறு உத்தரவு வரும்வரை கூட்டம் கூடாது’ என்று எழுதி வாங்குவார்கள், அவர்கள் அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் முடுக்கு வாசலில் இரண்டு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இதில் ஒரு கட்டத்திலும் உங்கள் மாமியாரின் தூக்கத்தைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை.

இதெல்லாம் எந்த ஊரிலும் வம்புதான். நம் மாவட்டத்தில் இதன் எடை வேறு. 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் இந்துக்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 49, கிறிஸ்தவர்கள் 47, முஸ்லிம்கள் 4. தனித்தனித் தெருவில் வாழும் மக்கள் இல்லை நாம். ஒரே முடுக்கு, ஒரே ரேஷன் கடை, பல குடும்பங்களில் ஒரே தாய் வழியில் இரண்டு மதம். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில், பகவதி அம்மன் கோவிலின் மாசிக் கொடை நேரத்தில் தொடங்கிய கலவரம் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. உயிர்கள் போயின. நீதிபதி வேணுகோபால் கமிஷன் வந்து விசாரித்தது. அறுபது வயது தாண்டிய யாரையாவது கேளுங்கள், அந்த நாட்களில் யார் யாரை வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள், யார் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று இன்றைக்கும் பெயர் சொல்லிச் சொல்வார்கள். ஒரு கையெழுத்தில் அது திரும்ப வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் உங்கள் வீட்டு பாக்ஸ் தகராறை அந்தப் பெரிய கணக்கோடு கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இருக்கிறது, இரண்டு பக்கத்திலும்.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் கூடி வழிபடுவது இங்கே நேற்று வந்த பழக்கம் இல்லை. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல், அன்றைக்கு நம் மாவட்டமும் சேர்ந்திருந்த திருவிதாங்கூருக்கு வருவதற்கு முன்பே மயிலாடியில் வேதமாணிக்கம் என்ற கிறிஸ்தவர் தன் உறவினர்களை வீட்டில் கூட்டித்தான் ஜெபித்தார். 1809-இல்தான் அங்கே ஆலயம் வந்தது. அய்யா வைகுண்டரின் வழியிலும் ஊர் ஊராக நிழல் தாங்கல்கள் என்ற எளிய வழிபாட்டு இடங்களில்தான் மக்கள் கூடினார்கள். இன்றைக்கும் கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட வீடுகளில் பஜனை, செவ்வாய்க்கிழமை பெண்கள் கூடும் விளக்குப் பூஜை, தக்கலைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் மவ்லிது என்ற புகழ்ப்பா ஓதல். ‘அனுமதி வாங்காமல் வீட்டில் கூட்டம்’ என்று இந்த மனுவில் எழுதியதை நாளைக்கு யாராவது உங்கள் வீட்டு விளக்குப் பூஜைக்கும் எழுதலாம். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

சரி, இனி என்ன செய்வது? முதல் வேலை, அந்த அக்காவிடம் போய்ப் பேசுவது. நீங்கள் இன்னும் பேசவில்லை என்று நினைக்கிறேன், பேசியதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், ஊழியக்காரர் இருக்கும்போதும் போகாதீர்கள். திங்கள், செவ்வாய் போல ஒரு மத்தியான நேரம், நீங்கள் மட்டும். சுற்றி வளைக்க வேண்டாம். ‘அக்கா, நீங்க ஜெபிக்கிறதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. இத்தன வருஷமா கேட்ட பாட்டுதான். அந்த பாக்ஸ் சத்தம் மாமிக்குத் தாங்கல. அன்னைக்கு ஆட்டோ வராம நாற்காலில வச்சுத் தூக்கிட்டு ஓடினோம், உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் தெரிந்திருக்காது. உள்ளே பாக்ஸ் ஓடும்போது வெளியே நடந்தது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? முடிந்தால் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மாமியாரின் கட்டில் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார வையுங்கள்.

கேட்பதைத் திட்டமாகக் கேளுங்கள். பாக்ஸ் வேண்டாம், வெறும் குரலில் பாடட்டும். நாற்பது பேருக்கு மைக் எதற்கு? ஒன்பது மணிக்கு முடியட்டும். பைக்கெல்லாம் மெயின் ரோட்டிலேயே நிற்கட்டும், முடுக்கில் ஒன்றுகூட வேண்டாம். மகளின் பரீட்சை முடியும்வரை கூட்டத்தை ஆலயத்திலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கெஞ்ச வேண்டியதில்லை. ஒக்கியில் தண்ணீர் தந்த நன்றிக்காக மாமியாரின் தூக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் இல்லை.

அக்காவுக்கு மனசு இருந்தும், ஊழியக்காரர் கேட்கமாட்டேன் என்றால் அவருடைய சபைப் போதகரைப் பாருங்கள். வெளியாள் வந்து கூட்டம் நடத்துவது சபைக்குத் தெரிந்திருக்கவே வேண்டும் என்றில்லை. தெரிந்தால் அவர்களே பேசித் தீர்த்துவைப்பார்கள். அதிலும் ஆகவில்லை என்றால் மனு கொடுங்கள், ஆனால் உங்கள் மனு. உங்கள் கையெழுத்தில் ஒரே பக்கம்: இன்ன தேதிகளில், இரவு இத்தனை மணிக்கு ஒலிபெருக்கி, வீட்டில் பக்கவாத நோயாளி, இன்ன நாளில் ஆட்டோ வர முடியவில்லை. கூடவே டாக்டர் சீட்டின் நகல். மதம், ஜெபம், கூட்டம் என்ற சொல்லே அதில் வர வேண்டாம். ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

வீட்டில் கூட்டம் வைக்கும் வாசகர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் உரிமையை நான் மேலே அழுத்திச் சொன்னது மனதாரத்தான். அந்த உரிமை சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் நோயாளியின் காதுக்குள் பாக்ஸ் வைக்கும் உரிமை ஆகாது. ஆண்டவருக்கு ஆம்பிளிஃபையர் தேவையில்லை. பக்கத்து வீட்டில் யார் படுத்திருக்கிறார், யாருக்குப் பரீட்சை என்று கேட்டுக்கொண்டு கூட்டத்தை ஆரம்பித்திருந்தால் இந்தக் கடிதமே எனக்கு வந்திருக்காது.

உங்கள் கணவருக்கு இதில் தர்மசங்கடம் இருக்கும், நண்பர்களிடம் சொல்ல வேண்டுமே. ‘அம்மா விஷயத்தை நாங்களே பேசிக்கிறோம், மனு வேண்டாம்’ என்று ஒரே பதிலாகச் சொல்லச் சொல்லுங்கள். விவாதத்துக்குப் போக வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் பேசி முடிப்பதற்குள் மாமியாருக்கு மறுபடி மூச்சு வாங்கி, முடுக்கும் அடைத்துக் கிடந்தால் தயங்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு உடனே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள், கூட்டம் நடந்துகொண்டிருந்தாலும் சரி. ‘பைக்கை எடுங்க, மாமிக்கு முடியல’ என்று சத்தமாகவே சொல்லுங்கள். நாற்பது பேர் இருக்கிறார்கள், நாற்காலியைத் தூக்கவும் கை கொடுப்பார்கள்.