நிசேயா முதல் பரிபூரண பலன் வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பைபிளில் எந்தப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று கி.பி. 325இல் நிசேயா சங்கத்தில் கான்ஸ்டன்டைன் மன்னர்தான் முடிவு செய்தார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?

உண்மை இல்லை. மாதம் ஒரு முறையாவது யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிசேயா என்பது இன்றைய துருக்கியில் உள்ள இஸ்னிக். அங்கே கூடிய ஆயர்கள் இயற்றிய 20 சட்டங்களும் நம் கையில் இருக்கின்றன. குருமார் வட்டிக்கு விடக்கூடாது என்கிறது ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்காலிடாமல் நின்றுதான் ஜெபிக்க வேண்டும் என்கிறது கடைசிச் சட்டம். இவ்வளவு சின்ன விஷயங்களைக்கூட எழுதி வைத்தவர்கள், பைபிள் புத்தகங்களைப் பற்றி ஒரு வரிகூட அந்தச் சட்டங்களில் எழுதவில்லை.

அங்கே நடந்த பெரிய சண்டையே வேறு. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ் என்ற குரு, குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத நிலை ஒன்று இருந்தது என்று போதித்தார். குமாரனும் பிதாவும் ஒரே பொருளானவர்கள் என்று சங்கம் முடிவு செய்தது. ஆரியுஸும் அவரோடு நின்ற லிபிய ஆயர்கள் இருவரும் நாடுகடத்தப்பட்டார்கள்.

புத்தகங்களின் பட்டியல் மெதுவாக உருவானது. நான்கு சுவிசேஷங்கள் 2ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே பல சபைகளில் நிலைபெற்றுவிட்டன. இன்று நாம் வைத்திருக்கும் அதே 27 புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களையும் வரிசையாக எழுதியவர் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ். 367ஆம் ஆண்டு ஈஸ்டரை முன்னிட்டு எகிப்து சபைகளுக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அப்புறமும் எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. சிரியாக் மொழிப் பைபிளான பெஷித்தாவில் நெடுங்காலம் 22 புத்தகங்கள்தான். வெளிப்படுத்தின விசேஷம் அதில் கிடையாது. மன்னர் ஒருவர் ஒரே நாளில் தீர்த்து வைத்த காரியமாக இருந்திருந்தால், இந்த வித்தியாசம் வந்திருக்காது.

கிறிஸ்தவத்தை ரோமின் அரச மதமாக்கியவர் கான்ஸ்டன்டைன்தானே?

இல்லை. 313இல் அவரும் சக பேரரசர் லிசினியுஸும் சேர்ந்து கொடுத்தது வழிபாட்டு உரிமை, அதுவும் எல்லா மதத்தாருக்கும். நிசேயா விசுவாசத்தைக் குடிமக்கள் எல்லோரும் ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டவர் பின்னால் வந்த பேரரசர் தியோடோசியுஸ், 380இல். கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்றதே 337இல், சாவதற்குச் சற்று முன்புதான். கொடுத்தவர் நிக்கோமேதியா ஆயர் யுசேபியுஸ், ஆரியுஸுக்குத் துணை நின்றவர்! நிசேயாவோடு சண்டை ஓய்ந்துவிடவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டு, சுமார் 17 ஆண்டுகளை அப்படியே கழித்தார். நாம் இன்று பூசையில் சொல்லும் நீண்ட விசுவாசப் பிரமாணமும் 381ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு சேர்ந்த வடிவம்தான்.

ஈஸ்டர் ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது?

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறும் ஆகலாம். பெரும்பாலான கிழக்கத்திய சபைகள் இதைப் பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி கணக்கிடுவதால், பல ஆண்டுகளில் தேதி வேறுபடும். 2025இல் இரண்டும் ஏப்ரல் 20இலேயே வந்தன.

கோட்டயத்தில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள ஆர்த்தடாக்ஸ் சபையும் ரஷ்ய ஆர்த்தடாக்ஸும் ஒன்றுதானா?

பெயர்தான் ஒன்று, கிளை வேறு. ரஷ்யர்களும் கிரேக்கர்களும் ரோமிலிருந்து பிரிந்ததற்கு 1054ஐக் குறிப்பிடுவார்கள். நீங்கள் பார்க்கும் சபை அதற்கு 600 ஆண்டுகள் முந்தைய பிளவின் வழியில் வருகிறது.

451இல் கல்செதோன் சங்கம், கிறிஸ்து ஒரே ஆள், அவருக்கு தேவசுபாவம், மனுஷசுபாவம் என இரண்டு சுபாவங்கள் என்றது. எகிப்து, சிரியா, அர்மேனியச் சபைகளில் பெரும்பாலோர் நாளடைவில் இதை மறுத்தார்கள். இரண்டும் கலக்காமல் ஒன்றான சுபாவம் என்பது அவர்கள் நிலை. மனுஷத்தன்மையை மறுப்பவர்கள் என்று அவர்களைப் பழிப்பது நியாயமே இல்லை. ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் ஆட்சியில் அவர்களுடைய ஆயர்கள் ஒடுக்கப்பட்டபோது, யாக்கோபு புர்தானா என்ற துறவி கந்தலான போர்வையைச் சுற்றிக்கொண்டு பிச்சைக்காரரைப் போல் ஊர் ஊராக அலைந்து, ரகசியமாகக் குருக்களையும் ஆயர்களையும் அபிஷேகம் செய்தார். யாக்கோபாயா என்ற பெயர் அவரால் வந்தது.

கேரளக் கிறிஸ்தவர்கள் தொடக்கத்திலிருந்தே இந்தக் கிளையில் இருந்தவர்கள் அல்ல. போர்ச்சுக்கீசியர் வரும் வரை அவர்களுக்கு ஆயர்கள் மெசபொத்தேமியாவின் கிழக்குச் சபையிலிருந்து வந்தார்கள். 1599இல் உதயம்பேரூரில் கூடிய சங்கத்தில் போர்ச்சுக்கீசியர் அவர்களை ரோமின் ஒழுங்குக்குள் கொண்டுவந்தார்கள். 1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் குருசு (வளைந்த சிலுவை) சத்தியம் செய்து பலர் அதை உதறினார்கள். 1665இல் யாக்கோபாயா ஆயர் மார் கிரெகோரியோஸ் வந்த பிறகுதான் அந்தக் கிளையின் சிரியச் சபையான அந்தியோக்கியாவோடு உறவு ஏற்பட்டது. கிறிஸ்துவின் சுபாவம் பற்றிய பழைய வழக்கில் பெரும்பகுதி இன்று தணிந்துவிட்டது. 1973இல் ஆறாம் பவுல் போப்பும் எகிப்தின் காப்டிக் போப் மூன்றாம் ஷெனூதாவும் கிறிஸ்துவைப் பற்றிப் பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். இதற்கு 15 நூற்றாண்டு ஆனதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அமலோற்பவம் என்றால் இயேசு கன்னியிடம் பிறந்ததுதானே?

அல்ல. மரியாள் தன் தாயின் வயிற்றில் உருவான நொடியிலேயே ஜென்மபாவம் தீண்டாமல் காக்கப்பட்டார் என்ற கத்தோலிக்க விசுவாசம் அது. பெரிய இறையியலாளர் தாமஸ் அக்வினாஸே இதை ஏற்கத் தயங்கினார், இன்னொரு இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் ஆதரித்து வாதாடினார். 1854 டிசம்பர் 8 அன்று ஒன்பதாம் பயஸ் போப் இதை விசுவாச சத்தியமாக அறிவித்தார். டிசம்பர் 8க்குச் சரியாக ஒன்பது மாதம் கழித்து மாதாவின் பிறந்தநாள் செப்டம்பர் 8. வேளாங்கண்ணித் திருவிழா நாளும் அதுவே.

பாவமன்னிப்புச் சீட்டை விற்றது உண்மையா? இன்றும் உண்டா?

விற்றது உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பெயரோடு பாடப்புத்தகங்கள் நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம். கத்தோலிக்க போதனைப்படி பாவம் மன்னிக்கப்படுவது, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில். மன்னிப்புக்குப் பிறகும் மீதமிருக்கும் தண்டனையை, இறந்தபின் ஆன்மாக்கள் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தீர்க்க வேண்டிய அந்தக் கடனைக் குறைப்பதுதான் ‘பலன்’; அதற்கான சீட்டைத்தான் விற்றார்கள். மக்களிடம் இந்த வித்தியாசத்தை யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. 1454இலேயே ஐரோப்பிய அச்சகம் இந்தச் சீட்டுகளை அடித்துத் தள்ளியது. பெயருக்கும் தேதிக்கும் காலி இடம் விட்டு அச்சிடப்பட்ட அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன.

1517இல் ஜெர்மனியில் விற்ற சீட்டுக்கு வெளியில் சொன்ன காரணம், ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவது. உள்ளே இன்னொரு கணக்கும் இருந்தது. மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தன் பதவிக்காக ரோமுக்குக் கட்டிய தொகையை ஃபுகர் வங்கியில் கடனாக வாங்கியிருந்தார், வசூலில் பாதி அந்தக் கடனுக்குப் போனது. பெரும் பணக்காரரான போப், ஏழைகளின் பணத்தை எடுக்காமல் தன் பணத்தில் ஆலயத்தைக் கட்டினால் என்ன என்று மார்ட்டின் லூதர் தன் 95 வாதங்களில் 86ஆவதில் கேட்டார். உத்தரிக்கிற ஸ்தலத்தை அந்தத் தாளில் அவர் மறுக்கவில்லை, அது பின்னாளில்.

கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் 1563இல் இந்த முறைகேட்டைக் கண்டித்தது. 1567இல் ஐந்தாம் பயஸ் போப், பணம் கொடுத்துப் பெறும் பலன்களை ரத்து செய்தார். அந்தத் தண்டனை முழுவதையும் நீக்கும் பரிபூரண பலன் இன்றும் உண்டு. பாவசங்கீர்த்தனம், நன்மை (நற்கருணை) வாங்குவது, போப்பின் கருத்துக்காக ஜெபிப்பது, பாவப்பற்றை விடுவது, அதோடு குறிப்பிட்ட பக்திமுயற்சி என நிபந்தனைகள் இருக்கின்றன. காசு வாங்க யாருக்கும் உரிமை இல்லை. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.