மொழித்திறன் குறைவா? – கடிதம்

வணக்கம் ஐயா,

கடலோர ஊர் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். வாசிப்புத் தேர்வில் மலை ரயில் பயணம் பற்றி ஒரு பத்தி வந்தது. என் மாணவன் ஒருவன் ஒரு கேள்விக்கும் சரியாக எழுதவில்லை. 'மொழித்திறன் குறைவு' என்று பதிவாகிவிட்டது. அதே பையன் அப்பாவோடு கடலுக்குப் போன கதையைச் சொன்னால் வகுப்பே வாயை மூடிக்கொண்டு கேட்கும். எதை நம்புவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வகுப்பில் உங்கள் காதில் விழுந்ததை நம்புங்கள். மலை ரயிலைப் பற்றி ஏற்கெனவே தெரிந்த பிள்ளை யார், தெரியாத பிள்ளை யார் என்பதைத்தான் அந்தப் பத்தி அதிகம் அளந்திருக்கிறது.

1988-இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர், பள்ளிப் பிள்ளைகள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததைச் சொல்ல வேண்டும், சின்ன மைதான மாதிரியில் மரப் பொம்மைகளை நகர்த்தியும் காட்ட வேண்டும். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தும், ஆட்டம் தெரிந்த பிள்ளைகள் அசத்திவிட்டார்கள். நன்றாக வாசிப்பவர்களில் ஆட்டம் தெரியாதவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

அதற்கும் முன்னால், 1960-களில், அமெரிக்காவின் ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்கு மொழியே போதவில்லை என்று உளவியலாளர்கள் சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். மொழியியலாளர் வில்லியம் லபோவ் அதை ஏற்கவில்லை. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியிலேயே வளர்ந்த ஒருவர் லபோவின் குழுவில் இருந்தார். அவர் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கேள்வி கேட்டபோது ஒற்றைச் சொல்லில்தான் பதில் வந்தது. அப்புறம் அவரே சிப்ஸ் வாங்கிக்கொண்டு, பையனின் நண்பனையும் கூட்டிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தார். பையன்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் பையன் வாயைத் திறக்காமல் தன்னைக் காத்துக்கொள்கிறான். அதைப் போய் மொழிக் குறைவு என்று எழுதிவைத்தார்கள்.

எனக்குக் கோபம் வருவது பதிவேட்டில் ஏறும் அந்த இரண்டு வார்த்தைகளின் மேல்தான். அடுத்த வகுப்பு ஆசிரியர் பையனைப் பார்க்கும் முன் அதைத்தான் பார்ப்பார்.

அதே அளவு கடினமான பத்தி ஒன்றை வலை, படகு, காற்று பற்றி நீங்களே எழுதிக் கொடுங்கள். அதில் தேறினால் அந்த மதிப்பெண்ணையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். மலை ரயிலும் அவனுக்கு வேண்டும்தான். அடுத்த முறை படம் காட்டி, கொஞ்சம் பேசவிட்டு, பிறகு வாசிக்கச் சொல்லுங்கள். கடல் பத்தியிலும் தடுமாறினால் அது வேறு விஷயம். எழுத்துக் கூட்டுவதில் சிக்கலா, கண்ணில் குறையா என்று தாமதிக்காமல் பார்க்க வேண்டும்.